உப்பு குறைந்த கணக்கும் பீலித் தண்ணீரும்

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரடைப்பால் சாகிறவர்கள் முன்னைவிடக் குறைந்திருக்கிறார்கள். ஏன் குறைந்தார்கள் என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். உயரமான ஒரு தூண், அதில் நிறம் நிறமாகக் கட்டங்கள். இந்தக் கட்டம் பிரஷர் மாத்திரையால், இது பீடி சிகரெட்டை விட்டதால், இது நெஞ்சு வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போனதால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். என் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். "இதையெல்லாம் யாரு வீடு வீடாப் போயி அளந்திருப்பா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நான்தான்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது வந்து, தங்கள் ஊழியர் மலருக்கு அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ராமையா. ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஃபேக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கினேன். பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியில் தரை கூட்டினேன், போத்தல் கழுவினேன், புண்ணுக்குத் துணி சுற்றினேன். யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், பிடித்துக்கொண்டேன். இன்றைக்குப் பட்டம் வாங்கி வருகிறவர்களில் நாலு பேரையும் என்னையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், யார் கை சரி என்று தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

குழாயை முதன்முதலாகக் காதில் வைத்த நாளை மறக்கமாட்டேன். டிஸ்பென்சரி ஐயா, காவல்காரர் ஒருவரின் கையைக் காட்டி, "கேட்டுப் பார்றா" என்றார். கையில் சுற்றின பட்டியைக் காற்றடித்து இறுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. காற்றை மெல்ல மெல்ல விட, பாதரசம் கீழே இறங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் 'டக்' என்றது. அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டே வந்து இன்னும் கீழே ஓர் இடத்தில் அடங்கிப்போனது. தொடங்கின இடம் ஒரு எண், அடங்கின இடம் இன்னொரு எண். ஓர் ஆளுக்குள் ஒளிந்திருக்கிற ஆபத்தை, அவனுக்கே தெரியாத ஆபத்தை, அந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும் என்று ஐயா சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் கை பார்த்த பிறகும் அந்தச் சிலிர்ப்பு போகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டொக்டர் திலகவதி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உடம்பு, மெல்லிய குரல், கையில் எப்போதும் கூர் சீவிய பென்சில். தோட்டங்களில் இதய நோய்ச் சாவு குறைகிற மாதிரித் தெரிகிறது, எதனால் குறைகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி, வீடு வீடாக அளவெடுக்க ஆள் வேண்டும் என்றார். டிஸ்பென்சரி ஐயா என்னைக் காட்டினார். முதல் வாரம் அறுபது பேருக்குப் பிரஷர் பார்த்துத் தாளைக் கொண்டுபோய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினேன். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"ராமையா, இஞ்ச வாங்கோ. இதெல்லாம் நீங்கள் எழுதினதோ?"

"ஆமாங்க டொக்டரம்மா."

"நூற்றி நாப்பது, நூற்றி முப்பது, நூற்றி அறுபது, திரும்பவும் நூற்றி நாப்பது. இந்தத் தோட்டத்து ஆக்களின்ர இரத்தம் பத்துப் பத்தாத்தான் ஏறுமோ?"

"ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருந்தா என்னங்க டொக்டரம்மா?"

"ஒரு ஆளுக்கு ஒண்டுமில்லை. ஆயிரம் பேருக்கு நீங்கள் ரெண்டு ரெண்டாக் கூட்டினால், இல்லாத பிரஷர் வருத்தத்தை உண்டாக்கிறீங்கள். ரெண்டு ரெண்டாக் குறைச்சால், இருக்கிற வருத்தத்தை ஒளிக்கிறீங்கள். போய்த் திரும்பப் பாருங்கோ. அறுபது பேரையும்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்ன முறையை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆளை முதுகு சாய உட்காரவைக்க வேண்டும். கால் தரையில் பதிய வேண்டும், காலுக்கு மேல் கால் கூடாது. வாயில் வெற்றிலை கூடாது. அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணி, பீடி கூடாது. ஒன்றுக்கு வந்தால் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும். பட்டி நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிட்டு மூன்று தடவை பார்த்து, முதல் எண்ணை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுக்க வேண்டும். இதில் கஷ்டமானது எது என்று நினைக்கிறீர்கள்? அந்த ஐந்து நிமிடம்தான். கொழுந்து மூட்டையோடு மேடு ஏறி வந்த பெண்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாயை மூடியிருப்பதென்றால் சாமானியமா? "அண்ணே, மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?" என்று ஒருத்தி தொடங்குவாள். மற்றவள் சிரிப்பாள். மறுபடியும் முதலில் இருந்து ஐந்து நிமிடம். ஆனால் நான் விடவில்லை. இரண்டாம் வாரத்தில் என் தாளில் நூற்றி முப்பத்தெட்டு வந்தது, நூற்றி நாற்பத்தாறு வந்தது. டொக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையாட்டினார். அவரிடம் இருந்து அவ்வளவுதான் வரும், அதுவே பெரிது.

இதெல்லாம் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டேன். "சாவு கொறைஞ்சிருக்கு. ஆனா எல்லாமே ஒண்ணா மாறிக்கிட்டு இருக்கே. டிஸ்பென்சரியில மாசாமாசம் பிரஷர் கிளினிக் வந்திருக்கு. பீடி குடிக்கிறவங்க கொறைஞ்சிருக்காங்க. லயம் வரைக்கும் ரோடு போட்டதுல ஆட்டோ வருது. இதுல எது காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. முன்னம் இருந்த மாதிரியே எல்லாம் இருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பினம் எண்டு முதல்ல பார்க்கோணும். பிறகு உண்மையா எத்தனை பேர் செத்தவை எண்டு பார்க்கோணும். நடுவில இருக்கிற வித்தியாசம் இருக்கே, அது சாகாத ஆக்கள். ஒவ்வொரு பழக்கமும் எவ்வளவு மாறினது, அந்த மாற்றம் எத்தனை பேரைக் காப்பாத்தும் எண்டு தெரிஞ்சால், அந்தச் சாகாத ஆக்களைப் பங்கு பிரிக்கலாம். அதுக்குத்தான் உங்கட அளவு. அளவு பிழைச்சால் பங்கும் பிழைக்கும்."

நான் அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன், உட்கார இடம் இருந்தும். செத்தவர்களை எண்ணுவது எல்லோருக்கும் தெரியும், பறை அடித்தால் எண்ணிக்கொள்ளலாம். நடக்காத சாவை எண்ணுவதென்றால்! கடவுள் மட்டும் பார்க்கிற ஏட்டை ஒரு சின்னப் பொம்பளை பென்சிலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாளே என்று பிரமித்துப்போனேன். அதற்கு அளவெடுத்துக் கொடுக்கிறவன் ஐந்தாம் வகுப்பு ராமையா.

இனி என் தப்புக்கு வருகிறேன். மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுதினால் அது டொக்டரம்மாவிடம் வேலை செய்தவன் எழுத்து ஆகாது.

சில வருடம் இடைவிட்டு இரண்டு சுற்று அளவு எடுத்தோம், என்ன மாறியது என்று பார்க்க. அதில் ஒன்று உப்பு. நம் ஆட்கள் மூன்று வேளையும் ரொட்டி, சம்பல், கருவாடு. உப்பு கூடினால் பிரஷர் கூடும். யார் எவ்வளவு உப்புத் தின்கிறார் என்று வாயால் கேட்டு அறிய முடியாது. தின்ற உப்பு ஒன்றுக்கில்தான் வெளியே வரும். ஆகவே ஒரு முழு இரவும் பகலும் போகிற ஒன்றுக்கு முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்துத் தர வேண்டும். சிரிக்காதீர்கள். லயத்துப் பெண்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

முதல் சுற்றில் ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா லீவு நாளும்தான் கேன் கொடுத்தோம், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று. கேனில் குறைவாக இருந்தால், முழுதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கொட்டிவிட்டு அடுத்த லீவு நாளில் மறுபடி பிடிக்கச் சொல்வோம். அது இழுத்துக்கொண்டே போனது. இரண்டாம் சுற்றில் எங்கள் டிவிஷன், தோட்டத்தில் எங்கள் பிரிவு, என் கைப் பொறுப்பு. மற்ற டிவிஷன்களைவிட முதலில் நான் முடித்துக் காட்டுகிறேன் என்று வேலை நாளிலேயே கேனைக் கொடுத்தேன். குறைவாகக் கொண்டுவந்தவர்களை எல்லோர் முன்னாலும் நையாண்டி பண்ணினேன். "என்னம்மா, நாள் பூரா தண்ணியே குடிக்கலையா? பக்கத்து வீட்டு அக்கா கேனப் பாரு!" அப்புறம் பாருங்கள், என் டிவிஷனில் ஒவ்வொரு கேனும் கழுத்து வரைக்கும் வந்தது. அனுப்பினதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. டொக்டரம்மாவே, "ராமையா, இது பெரிய வேலை" என்றார். அன்றைக்கு ஹாலிஎலை டவுனில் எனக்குத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் அதைச் சொன்னேன்.

முடிவு வந்தது. உப்பு பெரிய அளவில் குறைந்திருக்கிறது என்று வந்தது. அந்தத் தூணில் உப்புக் கட்டம் பெரிதாகவும் மாத்திரைக் கட்டம் சின்னதாகவும் இருந்தது. அறிக்கை மேலிடத்துக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. சாப்பாட்டுப் பழக்கம் மாறினதால்தான் சாவு குறைந்தது, மாத்திரையால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே தோட்டத்துக் கிளினிக் இனி வேண்டாம், மருந்து வேண்டியவர்கள் பதுளைக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. டிஸ்பென்சரிக் கதவில் தாளும் ஒட்டிவிட்டார்கள்.

அன்று கிளினிக் நாள். வரிசையில் முன்னால் நின்றவள் பார்வதி. கொழுந்து எடுக்கிறவள், ஐம்பது தாண்டியவள். கிளினிக் வருவதற்கு முந்திய காலத்தில் அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கம்பளியில் போட்டு ரோடு வரைக்கும் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். ரோட்டில் வைத்தே போய்விட்டார். அவளுக்கும் பிரஷர் பயங்கரம். மாத்திரையில்தான் நிற்கிறாள். தாளை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"பதுளைக்கா? வேல நாள்ல பதுளைக்குப் போனா அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. மாசாமாசம் பேரை விட்டுட்டு யாருண்ணே போவா? நான் போக மாட்டேன். இவளும் போக மாட்டா." பின்னால் நின்ற செல்வியைக் காட்டினாள். "எதுக்கு நிப்பாட்டுறாங்க?"

"நீங்கள்லாம் உப்பக் கொறைச்சிட்டீங்கல்ல. அதுனாலதான் சாவு கொறைஞ்சிச்சாம்."

"உப்பா? யாரு வீட்டுல? நம்ம வீட்டுச் சம்பல ஒரு வாய் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க." வரிசையே சிரித்தது. பார்வதியும் சிரித்தாள். திடீரென்று நிறுத்தினாள். "ஏண்ணே, அந்தக் கேனப் பாத்தா சொன்னாங்க?"

"ஆமா."

அவள் செல்வியைப் பார்த்தாள். செல்வி தரையைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"அந்தக் கேனத் தூக்கிக்கிட்டு காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு எப்படிண்ணே போறது? ஆம்பளைங்க, கங்காணி எல்லாரும் நிக்கிற எடத்துல? வீட்டுல வச்சிட்டுத்தான் போனோம். மலையில போனது மலையோட போச்சு. சாயந்தரம் வந்து பாத்தா அரைக் கேன்தான். கொறைஞ்சா நீங்க எல்லாருக்கும் முன்னால மானத்த வாங்குறீங்களே. அதான்..."

"அதான்?"

"லயத்துப் பக்கத்துல விழுற பீலித் தண்ணியப் பிடிச்சு ஊத்தி நெரப்பிட்டோம். எல்லாருந்தான். நீங்க சந்தோசப்பட்டீங்கல்ல?"

வரிசை மறுபடியும் சிரித்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மலையில் போன ஒன்றுக்கோடு பாதி உப்பும் போய்விட்டது. அரைக் கேனாகவே வந்திருந்தால் நாங்களே கொட்டிவிட்டு மறுபடி கேட்டிருப்போம். பீலித் தண்ணீர் அதை மறைத்துவிட்டது. உப்புக் குறையவில்லை. பிடித்ததுதான் குறைவு. அப்படியானால் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது மாத்திரை. என் நிறைந்த கேன்கள் அந்த மாத்திரையைப் பார்வதி கையில் இருந்து பிடுங்கப் போகின்றன.

அறிக்கை மறுநாள் கொழும்புக்குப் போகிறது. காலையில் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. என் பெயர் நிற்கும். சொன்னால், பெரிய வேலைக்காரன் ராமையா பீலித் தண்ணீரை அளந்து அனுப்பினான் என்று பதுளை பூராவும் சிரிக்கும். மறைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ரோட்டில் கம்பளியைப் பிடித்திருந்த இந்தக் கை சும்மா விடவில்லை.

டொக்டரம்மா அறிக்கையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"எத்தனை கேனில ஊத்தினவை?"

"தெரியாதுங்க டொக்டரம்மா. எல்லாரும்ங்கிறா."

"எல்லாரும் எண்டால் எத்தனை?"

"தெரியாதுங்க."

"தெரியாது எண்டே எழுதுங்கோ. உங்கட கையெழுத்தில. எப்ப குடுத்தனீங்கள், என்ன சொல்லிக் குடுத்தனீங்கள், எல்லாம் எழுதுங்கோ." நான் எழுத எழுத, அவர் அந்தக் கட்டை அவிழ்த்தார். பிறகு சொன்னார், "கேனைச் சரிபார்க்க லேபில இன்னொரு பரிசோதனை இருக்கு. முழு நாளும் சேர்த்ததோ இல்லையோ எண்டு அது காட்டும். சில கேனுக்கு மட்டும் செய்விச்சு, பொருந்தாமல் வந்ததை லேப் பிழை எண்டு நானும் விட்டிட்டன். எனக்கும் அந்த உப்புக் கட்டம் பிடிச்சிருந்தது, ராமையா. என்ர பிழையையும் அதிலயே கீழ எழுதுறன்."

அவ்வளவு படித்த மனுஷி, என் கோணல் எழுத்துக்குக் கீழே தன் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அளவு என்றால் என்ன என்று எனக்கு விளங்கினது அந்த நிமிடத்தில்தான். அதற்கு முன்னால் எனக்குக் கை சுத்தம் மட்டும்தான் இருந்தது.

அறிக்கையை நிறுத்தினார்கள். கிளினிக் முடிவையும் தள்ளிவைத்தார்கள். மறுபடி கேன் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை நான் லயத்துக்குப் போய்ப் பேசவே இல்லை. பார்வதியிடம் சொன்னேன், அவள் வீடு வீடாகப் போனாள். ஞாயிறும் போயாவும் மட்டும்தான் என்று முடிவு செய்தது அவள். வெளியே எங்கேயாவது போக வேண்டி இருந்தால் கேனைக் கொழுந்துப் பையில் போட்டுத் துண்டால் மூடிக்கொள்ளலாம் என்று வழி சொன்னதும் அவள்தான். "கொறைஞ்சா கொறைஞ்சதுன்னு குடுங்கடி. எவளாவது கேனோட பீலிப் பக்கம் போனீங்க, கால ஒடிச்சிருவேன்" என்று அவள் போட்ட சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்டது. அரைக் கேன் வந்தது, முக்கால் கேன் வந்தது. வாயைத் திறக்காமல் வாங்கினேன். குறைந்ததை மறுபடி பிடித்தோம். எல்லாக் கேனுக்கும் அந்த இன்னொரு பரிசோதனையும் நடந்தது.

முடிவுக்குப் பல மாதம் ஆனது. ஒவ்வொரு கிளினிக் நாளும் பார்வதி, "என்னண்ணே, உப்பு வந்துச்சா?" என்று கேட்பாள், ஏதோ கூட்டுறவுக் கடையில் சாமான் வந்ததா என்று கேட்கிற மாதிரி. வேடிக்கையாகத்தான் கேட்பாள். ஆனால் பதில் வரும் வரைக்கும் கையில் இருக்கிற மாத்திரை உறையை விடமாட்டாள்.

ஒரு கிளினிக் நாளில் டொக்டரம்மாவே தோட்டத்துக்கு வந்தார். கையில் அச்சடித்த தாள். உப்பு குறையவே இல்லை, முன்பு இருந்த அளவுதான். தூணில் உப்புக் கட்டம் கோடு மாதிரி மெலிந்துபோய், மாத்திரைக் கட்டம் உயர்ந்து நின்றது. கிளினிக் தொடரும் என்று மேலிடமும் எழுதிவிட்டது. அந்தத் தாளை அவர் வரிசையில் நின்ற பெண்களிடமே கொடுத்தார். பார்வதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செத்திருக்க வேண்டியவங்க சாகாம இருக்காங்க, அதத்தானே இது சொல்லுது? அதுல நானும் ஒருத்தியா டொக்டரம்மா?"

"அதை ஒருத்தராலயும் சொல்லேலாது பார்வதி. இவ்வளவு பேர் எண்டு தெரியும். ஆர் எண்டு தெரியாது."

"ஒங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் எப்பவும் தெரியவராது."

பார்வதி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். செல்வி அடிக்கடி மாத்திரையை மறக்கிறவள்.

"கேட்டியாடி? நீயாக்கூட இருக்கலாமாம்."

செல்வி தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் திரும்பினாள். வரிசை முழுக்க, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு இல்லை. ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ வருடம் ஐந்து நிமிடம் வாயை மூடுங்கள் என்று கெஞ்சின நான், அந்த மௌனத்தில் கையில் பட்டியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இதில் சிலர் இன்றைக்கு இங்கே நின்றிருக்க மாட்டார்கள். யார் என்று தெரியாததால் எல்லோருமே எனக்குப் புதையல் மாதிரித் தெரிந்தார்கள்.

பார்வதிதான் முதலில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"என்னண்ணே, ஆளையே பாக்காத மாதிரிப் பாக்குறீங்க? கட்டுங்க. கொழுந்து நிறுக்கப் போகணும்."